சரியாகிப் போன கால்

அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தில் அவளைப் படியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வருஷமாக அங்கே படிக்கட்டு துடைப்பவள் அவள்தான். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் படியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். லிஃப்ட் நின்று போகிற அன்றைக்குப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஒரு மூலையில் தூசி இருந்தால் போதும், பத்தொன்பது வருஷமும் அவள் தூங்கிக்கொண்டிருந்ததாகப் பேசுவார்கள்.

படி துடைப்பதற்கு ஒரு முறை உண்டு. மேலிருந்து கீழே வர வேண்டும், அதுவும் பின்பக்கமாக. கீழ்ப்படியில் நின்றுகொண்டு மேல்படியைத் துடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஒரு காலைப் பின்னால் இறக்க வேண்டும். திரும்பித் திரும்பிப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும், கழுத்தும் போய்விடும். படியம்மாவுக்கு எப்போதும் இடது கால்தான் முதலில் இறங்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஏழாம் மாடித் திருப்பத்தில் அந்தக் கால் படி விளிம்பில் பாதியும் காற்றில் பாதியுமாக இறங்கி, பாதம் உள்பக்கமாகப் புரண்டது. வாளி ஆறாம் மாடிக்குப் போனது. அவள் போகவில்லை, கைப்பிடிக் கம்பி காப்பாற்றியது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆனைக்கு ஒரு தடவை சறுக்கினால் ஊரே பேசும். இவளுக்கு அதுவே வாடிக்கையாகிவிட்டது. சுளுக்குத்தானே என்று துணியைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் நாள் வேலைக்குப் போனாள். வீக்கம் வடிந்தது, வலி போனது, ஆனால் அந்தக் கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சமதரையில் போகும்போது புரளும். பேருந்திலிருந்து இறங்கும்போது புரளும். ஒரு தடவை சும்மா நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே புரண்டது. எட்டு வருஷம் இப்படியே ஓட்டினாள். ஏழைகளுக்கு உடம்பு என்பது, நடக்கிறவரை கேள்வி கேட்காமல் ஓட்டுகிற வண்டிதான்.

அவள் புருஷன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிட்டர். சட்டத்தைச் சூடு காட்டி இளக்கி, லென்ஸை இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி உள்ளே உட்கார வைக்கிற வேலை. கொஞ்சம் கூடினால் லென்ஸ் விளிம்பு தெறிக்கும், கொஞ்சம் குறைந்தால் வாடிக்கையாளர் தும்மும்போது கழன்று விழும். இருபத்தாறு வருஷத்தில் அவர் கையில் உடைந்த லென்ஸை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று கடை முதலாளியே சொல்வார். அப்படிப்பட்ட நிதானக்காரர், வாழ்நாளில் ஒரே ஒரு நாள் நிதானம் தவறினார். மகள் தனக்குப் பிடித்தவனோடு போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, அவளுடைய துணிமணி, புத்தகம், சீப்பு எல்லாவற்றையும் அள்ளி, அவர்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடியிலிருந்து படிக்கட்டில் எறிந்தார். மகள் ஒவ்வொரு படியாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டே இறங்கிப் போனாள். போனவள் போனவள்தான். எந்த ஊரில் இருக்கிறாள் என்பதுகூட அடுத்தவர் வாய் வழியாகத்தான் தெரிய வந்தது.

படியம்மா அன்றைக்குக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. அவரை அவளால் மன்னிக்க முடியவில்லை, தடுக்காத தன்னையும் முடியவில்லை. அவரும் தன்னை மன்னித்ததாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை கிடையாது. பேச்சே இல்லாத இடத்தில் சண்டை எங்கிருந்து வரும்? சாப்பாடு ஆச்சா, சாவி எங்கே, தண்ணீர் நின்னுடுச்சு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான். படுக்கை ஒன்றுதான், நடுவில் மட்டும் இன்னொரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம். ஏழு வருஷம் அவர் விரல் நகம்கூட அவள் மேல் பட்டதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரே வாரத்தில் மூன்று தடவை கால் புரண்டது. மேற்பார்வையாளர் வேறு ஆள் பார்க்கட்டுமா என்று பரிவாகக் கேட்டார். அந்தப் பரிவுதான் அவளைப் பயமுறுத்தி, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய அரசு மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பியது.

அங்கே இருந்த பிசியோ அம்மாவுக்கு அகலமான கை, குறைந்த பேச்சு. நீல ரெக்ஸின் போட்ட கட்டிலில் படுக்க வைத்து, குதிகாலை ஒரு கையால் ஏந்திக்கொண்டு, இன்னொரு கையால் பாதத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு விளக்கினாள். எல்லோரும் இந்தக் கால் முழுக்கத் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக் கட்டுப் போடுகிறார்கள். ஆனால் வெளிப்பக்கம் தசைநார் தளர்ந்திருக்கும்போது, உள்ளே ஓர் எலும்பு முன்பக்கமாக வந்து இறுகி நின்றுவிடுகிறது. படியில் இறங்கும்போது அது பின்னால் சறுக்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காததால் பாதம் வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் புரள்கிறது.

"இறுகினதை நான் கையால இளக்கிடுவேன். தளர்ந்ததை நீங்கதான் பயிற்சி பண்ணி இறுக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் கால் உங்க பேச்சைக் கேக்கும்."

தினமும் செய்தால் நல்லது, தினமும் இவ்வளவு தூரம் வர முடியாதே, வீட்டில் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், கற்றுக்கொடுக்கிறேன் என்றாள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவரிடம் கேட்பதற்குப் படியம்மா நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். அவர் மறுப்பார் என்றே நினைத்தாள். அவர் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நின்றார்.

பொண்டாட்டி காலைப் பிடிக்கப் போகிறார் என்று கூட வேலை செய்கிறவள் சிரித்தாள், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், உங்கள் வீட்டில் டாக்டர் சீட்டோடு நடக்கிறது என்றாள். படியம்மா சிரிக்கவில்லை. பயமாக இருந்தது.

அவர் கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்து பிசியோ அம்மாவே அசந்துபோனாள். எவ்வளவு அழுத்த வேண்டும், எந்த இடத்தில் எலும்பு தடுக்கிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பது சட்டத்துக்குள் லென்ஸ் உட்கார வைக்கிறவருக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஒரே ஒரு கண்டிப்பு மட்டும் பிசியோ அம்மா சொன்னாள். கட்டை விரலால் அழுத்தக் கூடாது, உள்ளங்கையால் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பட்டையைப் போட வேண்டும் என்று அகலமான துணிப்பட்டை ஒன்றைக் கொடுத்தாள். தன் வலது கட்டை விரலை மடக்கிக் காட்டினாள். அது பாதிதான் மடங்கியது. தொழில் கொடுத்த பரிசு என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பமாயிற்று. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் அவள் கட்டில் விளிம்பில் காலை நீட்டுவாள். முதல் மூன்று நாள் பட்டைதான். ஒரு முனை அவள் கெண்டைக்காலுக்குக் கீழே, இன்னொரு முனை அவர் இடுப்பில். அவர் பின்பக்கமாகச் சாய்ந்தால் பட்டை இழுக்கும். அவர் முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான்காம் நாள் அவள், பட்டை அறுக்கிறது என்றாள். அறுக்கவில்லை. உள்ளங்கையால் செய்து பார்த்தார். அதில் சரியாகப் பிடிபடவில்லை என்றாள். அதுவும் பொய்தான், பிடிபட்டது. அப்புறம்தான் அவர் தரையில் மண்டியிட்டு, தனக்குத் தெரிந்த வழியில், இரண்டு கட்டை விரலையும் கணுக்காலின் முன்பக்கம் வைத்து அழுத்தினார். குனிந்த தலையின் உச்சியில் முடி கொட்டியிருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் தலையைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டையை வேலைக்கு எடுத்துப் போய்க் கட்டடத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

ஆறு வாரம் கழித்துத் தனியாக மருத்துவமனைக்குப் போனாள். இதற்குள் பிசியோ அம்மா சொல்லிக் கொடுத்த ஒற்றைக்கால் பயிற்சியைப் பதினோரு மாடித் திருப்பத்திலும் நின்று நின்று செய்திருந்தாள். வேலையில் அவள் சோம்பேறி இல்லை, இதிலும் இல்லை. பிசியோ அம்மா காலைத் திருப்பிப் பார்த்து, நிற்க வைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள். இனிமேல் யாரும் கை வைக்கத் தேவையில்லை, பயிற்சியை மட்டும் விடாதீர்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

நல்ல சேதி. படியம்மா அதை இரண்டு பேருந்திலும் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டில் அவர் கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"இன்னும் பண்ணணுமாம்."

"எத்தனை நாளைக்கு?"

"அது சொல்லல. நடுவுல விட்டா மறுபடி பிரளுமாம்."

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். இவளுக்கு விருந்தே கிடைத்தது. நாளாக ஆக அவர் அழுத்திக்கொண்டே ஒன்றிரண்டு வார்த்தை பேச ஆரம்பித்தார். இரண்டு கண்ணாடியை ஒன்றின் மேல் ஒன்று மாட்டிக்கொண்டு வந்து, இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது, இரண்டையும் ஒட்டித் தர முடியுமா என்று கேட்ட பெரியவரைப் பற்றிச் சொன்னார். அவள் சிரித்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆறேழு மாதம் போன பிறகு ஒரு காலையில், பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அவளுக்கும் இதே வளைவுதான்" என்றார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அத்தனை வருஷத்தில் மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அதற்கப்புறம் எந்த மனுஷிக்கு உண்மையைச் சொல்ல மனசு வரும், நீங்களே சொல்லுங்கள்.

வந்திருக்க வேண்டும். நான் அவளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

ஒரு வருஷம் தாண்டியபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட நேரமெடுத்துக்கொள்வதை அவள் கவனித்தாள். பிறகு பாட்டில் மூடியைப் பல்லால் திறந்தார். பிறகு டீ டம்ளரை உள்ளங்கை இரண்டாலும் பிடித்துக் குடித்தார். கேட்டால், குளிர் என்றார். குளிர் போன பிறகும் அப்படியே குடித்தார். ஆனால் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் மட்டும் மண்டியிடத் தவறவில்லை. அழுத்தும்போது அவர் தாடை இறுகுவது அவளுக்கு மேலிருந்து தெரிந்தது. தெரிந்துகொண்டே காலை நீட்டினாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள், ஒவ்வொரு நாளைக்கும் ஒரு நாளை இருந்தது.

ஒரே ஒரு தடவை முயன்றாள். இப்போது பரவாயில்லை, ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாமே என்றாள். அவர் தலை நிமிராமலே, விட்டால் புரளும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்களே, படியில் பின்பக்கமாக இறங்குகிறவள் நீ, விளையாட்டா என்றார். அவள் சொன்ன பொய்யே வந்து அவள் வாயைப் பொத்தியது. மறுபடி வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமல் இருக்கக் காரணம் கிடைத்ததில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு.

கடையில் ஒரே வாரத்தில் மூன்று சட்டம் உடைந்தது, விலை உயர்ந்த லென்ஸ் ஒன்று விளிம்பில் தெறித்தது. முதலாளி கத்தவில்லை. பட்டறை மேஜையில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டு, கையைக் காட்டி டாக்டர் சீட்டோடு வாருங்கள், அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

படியம்மா வேறு டாக்டர் பெயர் இரண்டு சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. உன் காலைச் சரி பண்ணினவங்க இருக்கும்போது வேறு யாரிடம் போவது என்றார். கூடப் போனாள். அவர் மட்டும் போய்த் தெரிந்துகொண்டு வருவதைவிட, கூட இருந்தே அந்த அடியை வாங்கிக்கொள்வது மேல் என்று தோன்றியது.

பிசியோ அம்மா அவர் கட்டை விரல் இரண்டையும் பிடித்து, அடிமூட்டில் மெல்ல அழுத்திச் சுழற்றினாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூட்டு தேய்ந்திருக்கிறது, கடை வேலை மட்டும் இவ்வளவு செய்யாது, வேறு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "வேற ஒண்ணும் இல்லம்மா. காலையில இவ கால் மட்டும்தான். நீங்க சொன்ன மாதிரி ஒரு நாள் விடல. ஒன்றரை வருஷமாச்சு, ஒரு தடவைகூடப் பிரளல."

பிசியோ அம்மா விரலை விடாமல் திரும்பிப் படியம்மாவைப் பார்த்தாள். நீயே சொல் என்கிற பார்வை அது. சொல்ல நேரமும் கொடுத்தாள். வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள். படியம்மா தரையைப் பார்த்தாள்.

"நான் ஆறு வாரம்தான் சொன்னேன்," என்றாள் பிசியோ அம்மா அவரிடம். "அதுக்கப்புறம் யாரும் கை வைக்க வேண்டாம்னு சீட்டுல எழுதிக் குடுத்தேன். கட்டை விரல் கூடாதுன்னுதான் பட்டையும் குடுத்தேன்."

அவருக்குப் புரியவில்லை. தப்பு பிசியோ அம்மா மேல்தான் என்பதுபோல, இல்லையம்மா, இவளுக்கு இன்னும் முழுக்கச் சரியாகவில்லை என்றார். பிசியோ அம்மா படியம்மாவை எழுந்து இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு.

நின்றாள். கண்ணை மூடிய இருட்டில் அவளுக்கு ஒரு கேவலமான யோசனை வந்தது. இப்போது விழுந்துவிட்டால்? பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்தால் போதும், எட்டு வருஷம் பழகிய விழுகைதான். சாய்த்தாள். கால் விடவில்லை. கணுக்கால் தானாகவே இப்படி ஒரு இழுப்பு, அப்படி ஒரு இழுப்பு இழுத்து அவளை நேராக நிறுத்தியது. மறுபடி சாய்த்தாள், மறுபடி நிறுத்தியது. அவ்வளவு நன்றாகக் குணமாகியிருந்தது. போதும் என்று யாரும் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தாள். கண்ணைத் திறந்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேய்ந்தது வளராது என்றாள் பிசியோ அம்மா. விரலுக்குப் பட்டி கொடுக்கிறேன், வலி குறையும், லென்ஸ் அழுத்துகிற வேலை இனி வேண்டாம். அவர் தலையாட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டார். இரண்டு விரல் நடுவே இடுக்கி வாங்கினார், கட்டை விரலை உபயோகிக்காமல்.

இரண்டாவது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன்?"

சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை. "அப்பதான் நீங்க என்னைத் தொடுவீங்க."

இரண்டு நிறுத்தம் போனது.

"கேட்டிருக்கலாமே," என்றார்.

"கேட்டிருந்தா தொட்டிருப்பீங்களா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். வாய்ப்பேச்சுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிற ஆள் இல்லை. "தெரியல," என்றார். பட்டி போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"விரல் போகட்டும். பெத்த பொண்ணை என் கையாலேயே துரத்தினேன். அதுக்கப்புறம் என் கையால ஒண்ணாவது சரியாகுதேன்னு தினமும் காலையில எந்திரிச்சேன். அதுவும் ஏற்கெனவே சரியாப் போனதுதானா?"

திட்டியிருந்தால் தேவலை என்று நினைத்தாள். அவர் விரலை மட்டும்தான் கெடுத்தோம் என்று இதுவரை எண்ணியிருந்தாள். எழுந்திருக்க ஒரு காரணம் வைத்திருந்த மனுஷனிடமிருந்து அதையும் பிடுங்கிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது. பிறகு கேட்டாள். சரி என்றார். அந்தச் சரியில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போலவே இருவருக்கும் விழிப்பு வந்தது. அவர் எழுந்து முன்னறைக்குப் போனார். நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது, அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. அவர் வர மாட்டார் என்று படியம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டினாள். ஆறு மணிவரை நீட்டியபடியே இருந்தாள். பிறகு காலை மடக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.